பாதி விலைக் கவசம்

“எதையாவது ஆரம்பிச்சுட்டு பாதியில விட்டிருக்கியாம்மா?”

மருந்துக்கடை வைத்திருக்கும் அக்கா தன் வீட்டுக் கூடத்தில் இப்படிக் கேட்டதும், கவசம் வாங்க வந்தவளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் இருமினான். அவள் அவன் காலை நன்றாக ஒரு மிதி மிதித்தாள்.

“இல்லக்கா. ஒண்ணை எடுத்தா முடிக்காம விடமாட்டேன்.”

பச்சைப் பொய். கிடார் பீரோ மேல் தூங்குகிறது. தையல் மெஷின், துவைத்த துணி குவிக்கிற மேசையாகிவிட்டது. நீச்சல் வகுப்பில் இன்னும் அவளைத் தேடிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிற அவளுக்கு கெண்டோ மேல் எப்படியோ பித்துப் பிடித்துவிட்டது. மூங்கில் வாளால் ஒருவரை ஒருவர் தலையிலும் கையிலும் அடித்துப் பழகுகிற ஜப்பானிய வாள்சண்டை. அடுத்த வகுப்பிலிருந்து கவசம் உள்ளவர்கள் ஜோடி ஜோடியாக நின்று மோதலாம். இல்லாதவர்கள் பின்வரிசையில் புதிதாகச் சேர்ந்தவர்களோடு நின்று காற்றை அடிக்க வேண்டியதுதான்.

பின்வரிசைக்குப் போனால் தன் கால் மெல்ல வீட்டுப் பக்கம் திரும்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அப்படித்தான் எல்லாமே நின்றது. இதுவும் நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை.

புதுக் கவசத்தின் விலையைக் கேட்டாலே தலை சுற்றியது. ஆன்லைனில் மலிவாக ஒன்று இருந்தது. “அதுக்குத் தலகாணியைக் கட்டிக்கிட்டு வரலாம்” என்று சீனியர் ஒருத்தர் சொல்லிவிட்டார். அப்போதுதான் இந்த அக்காவின் விளம்பரம் கண்ணில் பட்டது. முழு செட், பாதி விலை.

வந்து எவ்வளவோ நேரமாகிறது. அக்கா இன்னும் கவசப் பையின் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி.

“வேலை முடிஞ்சு அசதியா இருந்தா?”

“போவேன்க்கா.”

“மழை பெஞ்சா?”

“நனைஞ்சுக்கிட்டே போவேன்.”

“மொத அடி நடுமண்டையில விழும்போது அழுகை வருமே?”

“அழுதுக்கிட்டே திருப்பி அடிப்பேன்.”

புருஷன் மறுபடி இருமினான். பஸ் ஓட்டுகிறவன், ஹார்ன் அடிக்கிற பழக்கம் வீட்டிலும் விடவில்லை.

அவளுக்கு உள்ளே எரிந்தது. விற்பது பழைய சாமான், இதற்கு இத்தனை எடுப்பா? வேலைக்குச் சேர்ந்தபோதுகூட யாரும் இப்படித் துருவவில்லை.

அக்காவின் போன் அடித்தது.

“நேத்தே சொல்லிட்டேனே சார், உங்களுக்கு இல்லைன்னு. கூடக் குடுத்தாலும் இல்லை.”

அக்கா போனை வைத்துவிட்டு, பையைத் தூக்கி நாற்காலிக்குப் பின்னால் வைத்தாள்.

“சரிம்மா. யோசிச்சு சொல்றேன்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்குத்தான் தெரியாது? அவள் எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டப் போனவளுக்குக் கால் நுழையவில்லை. இடது செருப்பில் வலது காலை விட்டுக்கொண்டிருந்தாள்.

“வா, போலாம். வேற பாத்துக்கலாம்” என்றான் புருஷன்.

“வேற எங்க?” என்று அவன் மேல் பாய்ந்தவள், அப்படியே திரும்பி உள்ளே பார்த்தாள்.

“பொய் சொல்லிட்டேன்க்கா. நான் விட்டிருக்கேன். கிடார், தையல், நீச்சல், எல்லாத்தையும் பாதியில விட்டிருக்கேன். வீட்டுல நான் எதை ஆரம்பிச்சாலும் சிரிக்கிறாங்க. எனக்கே என் மேல நம்பிக்கை இல்லை. இதையாவது விடக் கூடாதுன்னுதான் இப்படி அலையறேன். நீங்க குடுக்கலைன்னாலும் பரவாயில்லை, சொல்லிட்டுப் போகணும்னு தோணுச்சு.”

சொல்லி முடித்ததும் அழுகை முட்டியது. கெடுத்துக்கொண்டாயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

புருஷன் இந்த முறை இருமவில்லை. “இதுல மட்டும் இதுவரைக்கும் ஒரு கிளாஸ்கூட விடலைங்க” என்றான் மெதுவாக.

அக்கா எழுந்தாள்.

“உள்ள வா.”

ஜிப் திறந்தது. அக்காவே தலைக்கவசத்தை எடுத்து மாட்டிவிட்டாள். முகவாய் சரியாக உட்கார்ந்ததா, கம்பிகளுக்கு நடுவே கண் நேராகப் பார்க்கிறதா என்று குனிந்து பார்த்தாள்.

பழைய கவசம் வியர்வை நாறும் என்று மற்றவர்கள் பயமுறுத்தியிருந்ததால் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் முடியாமல் மூச்சை இழுத்தாள். நாற்றம் இல்லை. கடையில் புடவை பிரிக்கும்போது வருமே, அந்த வாசனை. கையுறையில் கையை விட்டாள். உள்ளங்கைத் தோல் அட்டை மாதிரி விறைப்பாக இருந்தது. வாளைப் பிடித்த சுருக்கம் ஒன்றுகூட இல்லை.

“அக்கா, இதை நீங்க எத்தனை நாள் போட்டீங்க?”

“போடவே இல்லம்மா. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிப்போட்டு அப்படியே நின்னு போச்சு.”

அவளுக்குச் சுரீர் என்றது. “ஒரு நாள்கூட போடாத நீங்களா என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?”

அக்கா அவள் தலைக்குப் பின்னால் கயிற்றை இறுக்கி முடிந்தாள்.

“இதுக்கு முன்னால வந்தவங்க எல்லாரும் பாதியில எதையும் விட்டதே இல்லைன்னு அடிச்சுச் சொன்னாங்க. அதனாலதான் யாருக்கும் குடுக்கலை. இதை வாங்கும்போது கடைக்காரர்கிட்ட நானும் அதையேதான் சொன்னேன்.”