வளைவுக் களைக்குச் சாகாவரம்

“இது என்னய்யா, களைக்கொல்லியா, சத்து டானிக்கா?”

ஜீப்பில் உட்கார்ந்தபடியே ஓவர்சீயர் கத்தினார். நெடுஞ்சாலைத் துறையில், சாலையோரக் களைகளுக்கு மருந்தடிப்பதைக் கண்காணிக்கும் மாபெரும் பொறுப்பு அவருடையது. கீழே இறங்காமலே கண்காணிப்பதில் அவருக்கு நிகர் அவரேதான்.

மருந்து லாரி டிரைவர் பைப்பைச் சுருட்டிக்கொண்டே வளைவைப் பார்த்தார். சாலை நெடுக, இரண்டு பக்கமும் புல் பூண்டெல்லாம் கருகிச் சருகாகக் கிடந்தது. இந்த வளைவில் மட்டும், தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் சரிவு முழுக்க, இடுப்பளவுச் செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன.

“நானும் வாரா வாரம் அடிச்சுக்கிட்டுத்தான் சார் இருக்கேன். அடிக்க அடிக்கப் பளபளன்னு ஆகுது. நான் என்ன பண்ணட்டும்?”

“மருந்துல தண்ணிய அதிகமா ஊத்திட்டியா?”

“நீங்கதானே சார் பக்கத்துல இருந்து பார்த்தீங்க.”

பக்கத்தில் என்றால் ஜீப்புக்குள்ளே, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு. ஆனாலும் கண்காணிப்பு கண்காணிப்புதான்.

“ஆடுகூட வாய் வைக்க மாட்டேங்குது சார். நேத்து ஒண்ணு வந்து மோந்து பார்த்துட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிடுச்சு.”

“பார்த்தியா! மருந்து அவ்வளவு ஸ்ட்ராங். ஆட்டுக்குப் புரியுது, இந்தச் சனியனுக்குப் புரியல.”

“நான் வேணா இறங்கி ஒரு செடியப் பிடுங்கிப் பார்க்கட்டுமா?”

“அய்யய்யோ, கால வைக்காத! மருந்தடிச்ச இடத்துல ஒரு வாரத்துக்கு யாரும் இறங்கக்கூடாது. ரூல் இருக்கு. அதுவும் இல்லாம, பிடுங்குறதும் வெட்டுறதும் வேற பிரிவு. நாம மருந்துப் பிரிவு.”

ஒரு வாரம் முடிவதற்குள் அடுத்த மருந்தை அடித்துவிடுவார்கள். ஆகவே ஓவர்சீயர் இங்கே மாற்றலாகி வந்த நாளிலிருந்து அந்தச் சரிவில் கால் வைக்கும் பாக்கியம் ஒருவருக்கும் வாய்க்கவில்லை. விதியை மதிப்பதில் அந்தத் துறையை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

மருந்துக் கம்பெனியிலிருந்தும் ஒரு நிபுணர் வந்தார். சாலையில் நின்று பைனாகுலரில் பார்த்தார். “மருந்துக்கு மசியாத புது ரகம்” என்று அறிவித்தார். போனதும் முதல் வேலையாக, இரண்டு மடங்கு மருந்து அனுப்பி வைத்தார். மகா நிபுணர்.

ஓவர்சீயரின் செல்போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, செத்துதா?”

இப்போதெல்லாம் வீட்டில் முதலில் நலம் விசாரிக்கப்படுவது அந்தச் செடிகள்தான்.

“இன்னும் இல்ல.”

“அப்ப நான் சாமான் கட்ட ஆரம்பிக்கட்டுமா? நல்ல வேளை, போன டிரான்ஸ்ஃபர்ல கட்டினதுல பாதி மூட்டைய இன்னும் பிரிக்கவே இல்ல.”

“நீ வேற வாய வைக்காத. பெரியவர் வர நேரம்.”

“பாப்பா இப்பதான் இந்த ஸ்கூல்ல ஒரு ஃப்ரெண்டு பிடிச்சிருக்கா. மறுபடியும் வேற ஊருன்னா, அவகிட்ட நீங்களே சொல்லிக்குங்க. எனக்குத் தெம்பு இல்ல.”

ஓவர்சீயர் போனை வைத்தார். பெரியவர் என்பது தலைமைப் பொறியாளர். இன்றைக்கு அவர் ஆய்வுக்கு வருகிறார். ஓரத்தில் ஒரு பச்சை இலை கண்ணில் பட்டாலும் பொறுப்பானவருக்கு உடனே மாற்றல் என்று அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இங்கே ஓர் இலையா இருக்கிறது? ஒரு காடே நிற்கிறது.

“லாரியக் குறுக்க நிறுத்துய்யா. மறைக்கிற வரைக்கும் மறைக்கட்டும்.”

லாரி பத்துச் செடிகளை மறைத்தது. மற்றவை இன்னும் பளிச்சென்று தெரிந்தன.

அதற்குள் கார் வந்து நின்றது. அது நிற்கும் முன்பே ஓவர்சீயர் ஜீப்பிலிருந்து குதித்துவிட்டார். அவருக்கு இறங்கத் தெரியும் என்பதே டிரைவருக்கு அன்றுதான் தெரிந்தது.

“லாரிய எடுக்கச் சொல்லுங்க” என்றார் பெரியவர்.

லாரி நகர்ந்தது. பெரியவர் தடுப்புக் கம்பியருகே போனார்.

“சார், தொடாதீங்க! மருந்தடிச்ச இடம்...”

பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பிக்கு மேல் குனிந்து ஓர் இலையை விரலால் சுண்டினார். சரிவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு பார்வை பார்த்தார்.

“யாருய்யா இதைப் பார்த்துக்கறது?”

டிரைவர் சட்டென்று டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார். ஓவர்சீயர் கை கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கண் கலங்கிவிட்டது.

“நான்தான் சார். வாரா வாரம் தவறாம அடிக்கிறோம் சார். இந்த ஒரு தடவை மன்னிச்சிடுங்க. பொண்ணு ஸ்கூல்ல படிக்கிறா...”

“மன்னிக்கிறதா? உன்ன மாதிரி ஆள இந்த இடத்த விட்டு நான் நகர்த்தவே மாட்டேன்யா!” பெரியவர் அவர் தோளைத் தட்டினார். “போன வருஷம் இந்த ரோடு திறப்பு விழாவுக்கு, இங்க ஒரு புல்லுகூட முளைக்கலையேன்னு ராத்திரியோட ராத்திரியா நான் நட்டு வெச்ச பிளாஸ்டிக் செடிங்க இது, ஒரு பொட்டுத் தூசி இல்லாம வாரா வாரம் தண்ணியடிச்சுக் கழுவி, புத்தம் புதுசா வெச்சிருக்கியே!”