ஸ்டீயரிங் இல்லாத வண்டி

"ஏறுங்க மாமா. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க."

மச்சினன் சொன்ன தோரணையைக் கேட்டதுமே பைலட் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

பைலட் என்பது பட்டப்பெயர். காதில் சத்தம் தடுக்கிற கவசம், கண்ணில் கறுப்புக் கண்ணாடி என்று புல்வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்தால், மனுஷர் இதோ பறக்கப் போகிறார் என்றே தோன்றும். பதினாறு வருஷமாக மச்சினனின் கம்பெனியில் அவர்தான் ஓட்டுகிறார். நாலு பள்ளிக்கூட மைதானம், ஒரு ஆஸ்பத்திரி வளாகம். கூடமாட ஒரு பையன் உண்டு. பெண்டாட்டியின் தம்பியே முதலாளி. அந்தக் கடுப்பு தனி.

இன்றைக்குக் காலையில் ஷெட்டில் பழைய வண்டியைக் காணோம்.

"வித்தாச்சு மாமா. வாங்க, புதுசு எடுத்துட்டு வந்துடலாம்" என்று கையோடு கடைக்குக் கூட்டி வந்துவிட்டான்.

வந்ததிலிருந்து எல்லாமே கோணல்தான். வாசலிலேயே பழைய மாடல் ஒன்று நின்றது. ஸ்டீயரிங், பெடல், எல்லாம் கைக்குப் பழகினது.

"மாப்ளே, இது போதும். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்."

"அது வேணாம்."

"ஏன், விலையும் கம்மி..."

"வேணாம்னா விடுங்களேன் மாமா."

நேராக ஒரு மஞ்சள் வண்டியிடம் போய் நின்றான். அதில் ஸ்டீயரிங்கே இல்லை. சீட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு நீளக் கம்பிகள். ஜீரோ டர்னாம்! நின்ற இடத்திலேயே பம்பரமாகத் திரும்புமாம்.

"ரெண்டு பேர் நாள் பூரா வெட்டறதை இது மத்தியானத்துக்குள்ள முடிச்சிடும் சார்" என்றார் சேல்ஸ்மேன், பெருமையாக.

ரெண்டு பேர் வேலையா? அப்படியென்றால் ஒருத்தன் வீட்டுக்கு. அது யார் என்று பைலட்டுக்குச் சந்தேகமே இல்லை.

ஏனென்றால் அவருடைய வலது பாதம் மரத்துப்போய் ஏழு மாதமாகிறது. சர்க்கரை. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை. 'பெடல் மிதிக்கிற எந்த வண்டியையும் தொடாதீங்க' என்று டாக்டர் கண்டிஷனாகச் சொல்லிவிட்டார். பைலட் வீட்டில்கூட மூச்சு விடவில்லை. ஐம்பத்து நாலு வயதில் இந்த வேலையும் போனால் எவன் கூப்பிட்டுக் கொடுப்பான்?

போன மாதம் பள்ளிக்கூடத்தில் பிரேக்கை மிதித்ததாகத்தான் நினைத்தார். கால் பெடலிலேயே இல்லை. வண்டி போய் வேலியில் மோதி நின்றது. பிள்ளைகள் வகுப்பில் இருந்ததால் தப்பித்தார்கள். அன்றைக்கு வாய் கூசாமல் சொன்னார்: "பிரேக் பிடிக்கல மாப்ளே!" மச்சினன் ஏறி பிரேக்கை ஒரு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "சரி மாமா" என்று மட்டும் சொன்னான்.

இப்போது கடையின் பின்முற்றத்தில் மஞ்சள் வண்டி நிற்கிறது. ஓட்டிப் பார்க்க வரிசையாகக் கூம்புகள் வைத்திருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்தால் குட்டு உடைந்துவிடும்.

"இடுப்பு பிடிச்சிருக்கு மாப்ளே. நாளைக்குப் பாக்கலாம்."

"ரெண்டே ரெண்டு ரவுண்டு மாமா."

"நீ ஓட்டேன்!"

"நீங்க ஓட்டணும். உங்களுக்கு ஒத்து வருதான்னு பாக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"எனக்கு இந்தக் கண்றாவி வேணாம். ஸ்டீயரிங் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா?"

"ஏறுங்க மாமா" என்றான் மறுபடியும், அழுத்தமாக.

அவ்வளவுதான். பைலட்டுக்கு ரத்தம் கொதித்தது.

"நீ எதுக்கு அடி போடறேன்னு எனக்குத் தெரியாதா? நாலு பேர் முன்னாடி என்னை ஏத்தி, இவன் லாயக்கில்லன்னு சொல்லிக் கழிச்சுக் கட்டப் பாக்கற! போன்னு சொல்லேன், போயிடறேன். உங்க அக்கா முகத்துக்காக வச்சிருக்கறதா இனிமே நினைச்சுக்காதே!"

மச்சினன் முகம் சுண்டிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "பழசுல பிரேக் சரியில்லன்னு சொன்னீங்க. அதான் மாத்தறேன், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய்விட்டான்.

"பாத்தீங்களா, எப்படிக் குத்திக் காட்டறான்னு!" பைலட் சேல்ஸ்மேனிடம் பொருமினார். "பெரிய முதலாளி! வண்டியைப் பத்தி இவனுக்கு என்ன தெரியும்? ஒரு நாளாவது புல்லு வெட்டியிருப்பானா?"

"அதை மட்டும் சொல்லாதீங்க சார்" என்று சேல்ஸ்மேன் சிரித்துவிட்டார். "மூணு வாரமா லீவு நாளெல்லாம் இங்கதான் கிடக்கறாரு. ஒவ்வொரு வண்டியா ஏறி, இந்த முற்றத்தையே சுத்திச் சுத்தி வருவாரு. என்ன ஒண்ணு, ஆளு கொஞ்சம் ஒரு மாதிரி."

"ஒரு மாதிரின்னா?"

"சீட்டு மேல சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் ஓட்டுவாரு. நாங்கள்லாம் சிரிப்போம், கண்டுக்கவே மாட்டாரு."

"சம்மணமா? எதுக்கு?"

"யாருக்குத் தெரியும்? இந்த மஞ்சள் வண்டியில எல்லாமே கையாலதான் சார். ஓட்டறது, நிறுத்தறது, கத்தியைத் தூக்கறது, எதுக்கும் பெடலே கிடையாது. 'ஒரு தடவை காலைக் கீழ இறக்க வேண்டி வந்தாலும் அந்த வண்டி எங்க மாமாவுக்கு வேணாம்'னு மத்ததையெல்லாம் தள்ளிட்டாரு!"