ஓரத்தில் எழுதியவர்

“புத்தகத்துல கிறுக்கினவனைப் பத்தி ஆராய்ச்சியா? தம்பி, அந்த மாதிரி ஆளுக்கெல்லாம் நாங்க அபராதம் போடுவோம். நீ மாலை போடணும்ங்கறே!”

தலைமை நூலகர் விண்ணப்பத்தை மேசையில் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நூலகம் முழுவதற்கும் அது தெரியும்.

எதிரே உட்கார்ந்திருந்த இலக்கிய மாணவன் எழுந்திருக்கவில்லை. அந்தப் பெரிய நூலகத்தின் உள் அடுக்குகளில் விடுமுறை முழுவதும் சொந்தமாக ஆராய்ச்சி செய்ய, இளங்கலை மாணவர் ஒருவருக்குத்தான் ஆண்டுதோறும் அனுமதி. அது கிடைக்காவிட்டால் மாமாவின் டயர் கடைதான். அப்பா ஏற்கெனவே மாமாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். போன விடுமுறையையும் டயர்களுக்கு நடுவில் கழித்தவன் அவன். மறுபடி அங்கே போவதை நினைத்தாலே அழுகை வந்தது.

“வெறும் கிறுக்கல் இல்ல மேடம். தத்துவப் பிரிவுல நான் கேட்டு வாங்கின பழைய புத்தகங்கள் எல்லாத்துலயும் ஒரே ஆள் எழுதினது. ஓரத்துல, பென்சில்ல. பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரோட சண்டை. ‘இதைத்தானே போன அத்தியாயத்தில் மறுத்தீர்?’னு ஒரு இடத்துல. ‘ஐயா, கொஞ்சம் தூங்கி எழுந்து எழுதியிருக்கலாம்’னு இன்னொரு இடத்துல.”

தலைமை நூலகரின் உதடு லேசாக மலரப் பார்த்தது. இருமி அதைச் சரிசெய்துகொண்டார்.

திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் தாள் தாளாகப் புரட்டி, பென்சில் தடத்தையெல்லாம் அழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டவரே அவர்தான். இதற்காகவே கீழ்த்தளத்தில் இரண்டு ஊழியர்கள் நாள் முழுக்க ரப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“அதையெல்லாம் இன்னுமா அழிக்கல?”

“தத்துவத்துக்கு இன்னும் வரலையாம் மேடம். அடுத்த வாரம் ஆரம்பிக்கறாங்களாம்.”

“ஓ.” அவர் கை மேசையிலிருந்த குண்டூசி டப்பியைத் திறந்தது, மூடியது. “எழுதினது யாருன்னு கண்டுபிடிச்சியா?”

“எங்க மேடம்! பேரா இருக்கு, ஊரா இருக்கு? எவனோ வேலைவெட்டி இல்லாதவன்...”

“எவனோன்னு ஏன் முடிவு பண்றே? பொண்ணா இருக்கக் கூடாதா?”

“இவ்வளவு கோவமாவா மேடம்?”

“ஏன், பொண்ணுக்குக் கோவம் வராதா?”

மாணவன் பணிவாகத் தலையை ஆட்டினான். “வரும் மேடம். ஆனா பெரிய அறிவாளின்னு அடிச்சுச் சொல்ல முடியல. ஒரு அழகியல் புத்தகத்துல, ஆறாவது அத்தியாயத்துல தடுமாறின மாதிரி இருக்கு. ஆசிரியர் சொன்னதே புரியல போல.”

“புரியாம என்ன? அந்த மனுஷன் அழகுக்கும் உண்மைக்கும் சும்மா ஒரு முடிச்சைப் போட்டுட்டுப் போயிடறார். அது தப்பு. அதைத்தான்...” சட்டென்று நிறுத்தினார். “அதைத்தான் சொல்ல வந்திருப்பாங்க.”

“இருக்கும் மேடம். எனக்கு ஒரே வருத்தம், எல்லாம் ஒரு புத்தகத்துல பாதியோட நின்னு போச்சு. பாவம், இறந்துட்டாங்களோ என்னவோ.”

“வேலைக்குப் போயிருப்பாங்க.”

ஊரையே மிரட்டும் அந்த அம்மாளைப் பார்க்க அப்போது உண்மையிலேயே பாவமாக இருந்தது.

“யாராவது படிப்பாங்கன்னு நினைச்சு எழுதியிருக்க மாட்டாங்க” என்றார் மெதுவாக.

“நான் படிச்சேன் மேடம். ஒண்ணு விடாம.”

தலைமை நூலகர் கண்ணாடியை எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். விண்ணப்பத்தை இழுத்து, அனுமதித்ததற்கான முத்திரையைக் குத்தினார். அப்படியே தொலைபேசியை எடுத்தார்.

“கீழ்த்தளமா? தத்துவப் பிரிவுல ரப்பர் வைக்காதீங்க. ஒரு எழுத்துக்கூட அழியக் கூடாது. ஏனா? ஆராய்ச்சி நடக்கப் போகுதுய்யா!”

தொலைபேசியை வைத்துவிட்டு அவனை முறைத்தார். “ஒரே ஒரு நிபந்தனை. எழுதினது யாருன்னு துப்பறியற வேலையெல்லாம் வேண்டாம். என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பாரு. அதுதான் முறையான ஆராய்ச்சி.”

“சத்தியமா மேடம். யாரா இருந்தா எனக்கென்ன?”

வெளியே படிக்கட்டில் காத்திருந்த வகுப்புத் தோழன் ஓடி வந்தான். முத்திரையை நம்பாமல் விரலால் தடவிப் பார்த்தான்.

“டேய், புத்தகத்துல ஒரு புள்ளி வெச்சாலே கடிச்சுக் குதறுற அம்மாடா அது! அவங்ககிட்டப் போய் எந்த தைரியத்துல இந்தத் தலைப்பைக் கொடுத்தே?”

“தலைப்பே அவங்க கொடுத்ததுதான்டா” என்றான் மாணவன், விண்ணப்பத்தைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தபடி. “போன வருஷம் என் விண்ணப்பத்தை நிராகரிச்சு அனுப்பினப்போ, ஓரம் பூராவும் பென்சில்ல திட்டியிருந்தாங்க. தத்துவப் புத்தகங்கள்ல இருந்த அதே எழுத்து!”