இரண்டு ஜோடிச் செருப்பு

ரிட்டயர் ஆனதைக் கொண்டாட, நானும் என் மனைவி அமுதவல்லியும் மீமிசலில் தனிப் படகு பிடித்து ஆளில்லாத் தீவுக்குப் போனோம். படகில் செருப்புக்கால் ஆகாது என்றார் படகுக்காரர் பிச்சைமுத்து. கரையிலேயே கழற்றிப் போட்டோம். என் புதுச் செருப்பு அதுவரை முதலை மாதிரிக் கடித்துக்கொண்டிருந்தது.

தீவில் மணல் சர்க்கரை. நண்டெல்லாம் ஆட்டுக்குட்டி அளவு. திரும்பும் வழியெல்லாம் நான் கதை அளந்துகொண்டே வந்தேன்.

கரை சேர்ந்ததும் பிச்சைமுத்து செருப்புகளைப் பார்த்தார். "ரெண்டு ஜோடிதாம்மா கெடக்கு. ஆளு மூணா வந்திருக்கீங்களே."

என் பக்கத்தில் இன்னொரு நான், அதே சட்டையில், வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒருத்தரத் திரும்பக் கொண்டுபோய் விடணும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

"அமுதா, நான்தான்டி ஒன் புருஷன்! என்னப் பாத்தா கலெக்டரே எந்திரிச்சு நிப்பாரே, அந்த நான்!"

அவள் யோசிக்கவே இல்லை. "பேசாம இருக்காருல்ல, அவரு எறங்கட்டும்."

அவன் இறங்கி என் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தான். அவனை அது கடிக்கவில்லை.

தீவு அருமையான இடம். என்னைப் போலத் திரும்பக் கொண்டுவந்து விடப்பட்ட புருஷன்கள் இங்கே கோடிப் பேர். சரி, ஒரு பஸ் நிறைய இருக்கிறோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்.