மணலில் ஒரு டெஸ்ட் டிரைவ்

மொட்டைத் தலையோடு ஷோரூமுக்குள் வந்த புருஷோத்தமனைப் பார்த்ததும் தமிழ்மாறனுக்குத் தெம்பு வந்தது. திருப்பதியிலிருந்து நேராக வண்டி பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. மீசையைக்கூட மிச்சம் வைக்காமல் மழித்திருந்தார். வேண்டுதல் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

பின்னாலேயே அவர் மனைவி சுலோசனா, நெஞ்சோடு அணைத்த மஞ்சள் பையுடன் வந்தாள். லட்டு என்று தமிழ்மாறன் நினைத்துக்கொண்டான். இந்த மாதம் அவன் ஒரு வண்டிகூட விற்கவில்லை. இன்றும் விற்காவிட்டால் நாளை வர வேண்டாம் என்று மேனேஜர் காலையில்தான் சொல்லியிருந்தார்.

இவர்களுடைய மகன் கோபிநாத் ஒரு மாதமாகப் போனில் இந்த ஜீப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான். நேரில் வந்ததில்லை. அவன் எழுதி வைத்த தாள் இப்போது அப்பாவின் கையில் இருந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஏறப் படி வேண்டும். அம்மாவுக்கு இடுப்பு வலி, குலுங்கக் கூடாது. மணலில் சிக்கக் கூடாது, மழையில் நடுவழியில் நின்றுவிடக் கூடாது.

புருஷோத்தமன் ஒவ்வொன்றாகப் படித்தார். தமிழ்மாறன் சொன்ன பதில்கள் அவர் காதில் விழுந்தனவா என்பது சந்தேகம்தான்.

"கோபி சார் வரலீங்களா?"

"அவன் ஆசப்பட்ட வண்டி. ஓட்டிக் காட்டுப்பா."

சுலோசனா பின்னால் ஏறி, பையைப் பக்கத்து சீட்டில் வைத்து, அதற்கும் பெல்ட் போட்டாள். பெருமாள் பிரசாதத்துக்கு வந்த வாழ்வைப் பார்த்துத் தமிழ்மாறன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

முதலில் மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நிறுத்தட்டுமா என்று கேட்டான். அங்கே கும்பிட்டவர்கள் அப்புறம் மனசு மாறியதில்லை. அது அவனுடைய தொழில் ரகசியம்.

"கோயிலு வேணாம். கனகசெட்டிக்குளம் போ. கடக்கரை மணல்ல ஓட்டிப் பாக்கணும்."

டெஸ்ட் டிரைவுக்கு அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. வேலை போவதைவிட டீசல் போகட்டும் என்று தமிழ்மாறன் வண்டியைக் கிளப்பினான்.

வழியில் பள்ளம் வந்தபோதெல்லாம் புருஷோத்தமன் பின்னால் திரும்பிப் பார்த்தார். சுலோசனா பையின் மேல் கையை வைத்தபடி, குலுங்கவில்லை என்று தலையை ஆட்டினாள்.

மணலில் வண்டி சிக்கவே இல்லை. அலை தொடும் இடம் வரைக்கும் போய் நின்றது. தினமும் அதைப் புகழ்ந்து வயிறு வளர்க்கிற தமிழ்மாறனுக்கே அன்றுதான் அதன் மேல் மரியாதை வந்தது.

புருஷோத்தமன் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிக் கடலை நோக்கி நடந்தார். முழங்கால் அளவு தண்ணீர் வந்த பிறகும் நிற்கவில்லை. லட்டு நனைந்துவிடுமே என்று தமிழ்மாறன் கவலைப்பட்டான். சுலோசனா வண்டியை விட்டு இறங்கவில்லை.

இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று அவளிடம் திரும்பினான்.

"வண்டி எப்டிம்மா இருக்கு? கோபி சாரும் ஒரு தடவ ஒக்காந்து பாத்துட்டாருன்னா இன்னிக்கே முடிச்சிரலாம்."

சுலோசனா பக்கத்து சீட்டில் அவிழ்ந்து கிடந்த பெல்ட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அழுது தீர்ந்த கண்ணில் ஒரு சொட்டுகூட இல்லை.

"எம் பக்கத்துலதாம்பா ஒக்காந்து வந்தான்."