இதமான மஞ்சள்

நாளை திறக்கப்போகும் காபிக் கடைக்குள் மரத்தூள் வாசம் இன்னும் போகவில்லை. சாய்ந்த வெயில் கண்ணாடிக் கதவு வழியாக வந்து பூசாத சிமெண்ட் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடையை வடிவமைத்தவள் மனைவி, காபி போடப்போகிறவன் கணவன். அவனுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருவதால், கையே கண்ணாகிற மாதிரி எல்லாவற்றையும் மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள். மேடை ஓரத்தில் சொரசொரப்பான மரம், கோப்பை வைக்கிற இடத்தில் ஜில்லென்று கருங்கல். மரம் முடிந்து தரை ஒரு படி இறங்குகிற இடத்தில் மட்டும் வழவழவென்று ஒரு பித்தளைப் பட்டை. அவன் உள்ளங்கை மரத்தில் ஊர்ந்து போகிறது. பித்தளை பட்டதும் கால் தானாக நிற்கிறது. "போலீஸ்காரன் மாதிரில்ல நிறுத்துது!" என்று சிரிக்கிறான். "பார்வை முழுசா போக இன்னும் நாள் இருக்குன்னு டாக்டர் சொன்னாரே, அதுக்குள்ள கை பழகிடும்" என்கிறாள் அவள். "இப்ப மேல பாருங்க, நீங்க ஆசைப்பட்ட விளக்கு." சுவிட்சைத் தட்டுகிறாள். அந்தச் சத்தம் கேட்டதும் அவன் அண்ணாந்து பார்க்கிறான். முகமெல்லாம் பூரிப்பு. "அடடா, என்ன இதமான மஞ்சள்! கடையே நெறஞ்சுபோச்சு போ." அவள் விரல் சுவிட்சிலேயே நிற்கிறது. எரியாத விளக்கைப் பார்த்துக்கொண்டே, "ஆமாங்க" என்கிறாள்.