பதினேழாவது கேள்வி

மருத்துவ மாணவர்களின் தேர்வு காகிதத்தை விட்டு ஆன்லைனுக்குப் போன பிறகு, எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் தேவைப்படவில்லை. எங்கள் உபாதைகளை நர்ஸ் எஸ்தர் கணினியில் ஏற்றுவார். அவை தேர்வில் கேள்விகளாகப் போகும். மாணவர்கள் எழுதும் சரியான விடை மருந்துச் சீட்டாகத் திரும்பி வரும். பக்கத்து வீட்டு அடைக்கலத்தின் மூட்டுவலி அப்படிப் போய்த்தான் குணமானது. இப்போது சைக்கிள் மிதிக்கிறார்.

என் மனைவி செல்லக்கண்ணுவுக்கு விலாவில் வலி வந்தபோது தேர்வுக்கு இன்னும் நாள் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். தேர்வன்று காலையில், பரீட்சை எழுதும் பிள்ளைகள் எல்லோரும் முழு மார்க் வாங்க வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். அவள் பதினேழாவது கேள்வியாகப் போனாள்.

முடிவு வந்ததும் எஸ்தர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார்.

"அண்ணே, உங்க கேள்வி கேன்சல் ஆயிடுச்சு."

"ஏன் சிஸ்டர்?"

"அவுட் ஆஃப் சிலபஸாம். ஒருத்தருக்கும் விடை தெரியல. அதனால அந்தக் கேள்வியத் தொட்ட எல்லாருக்கும் முழு மார்க் போட்டுட்டாங்க."

"அப்ப அடுத்த பரீட்சையில போடுங்களேன்."

"கேன்சல் ஆன கேள்வியத் திரும்பக் கேக்கக் கூடாதுண்ணே. ரூல்ஸ் அப்படி."

நான் சத்தம் போட வாயைத் திறந்தேன். செல்லக்கண்ணு விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"விடுங்க. பிள்ளையார்கிட்ட நாம கேட்டதே அதத்தானே."